ஆல்பர்ட் பர்னாந்தும் டெல்லிக் கடல் விழாவும்

ஆல்பர்ட் பர்னாந்து எதையாவது மனதாரப் பாராட்டி லக்ஷ்மிபாய் நகரில் யாரும் கேட்டதில்லை. டெல்லிக் குளிரைத் திட்டுவார், வெயில் வந்தால் அதையும் திட்டுவார். பக்கத்து வீட்டில் சாம்பாருக்கு வெல்லம் போடுகிறார்கள் என்பதற்காக அந்த வீட்டு மனிதரோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்ததும் சாமியார் பிரசங்கத்தில் விட்ட பிழைகளைப் பட்டியல் போடுவார். அவர் வாயில் விழுவதற்குச் சாக்கடையில் விழலாம் என்று அவருடைய மனைவி ஜெசிந்தாவே சொல்லுவாள்.

அவர் தூத்துக்குடிக்காரர். பதினேழு வயதில் தோணியில் ஏறினார். தோணி என்றால் ஆற்றைக் கடக்கும் ஓடம் அல்ல. வெங்காயமும் ஓடும் ஜல்லியுமாக முந்நூறு டன் சரக்கை வயிற்றில் வாங்கிக்கொண்டு மாலத்தீவுவரை போகிற பெரிய மரக்கலம். அதில் அவர் முதல் ஆறு வருஷம் பண்டாரி, அதாவது சமையல்காரர். கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் உலைப்பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு பதினோரு பேருக்குச் சோறு வடித்தார். பிறகு பாய் கட்டும் ஆளாக உயர்ந்தார். தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். ஆல்பர்ட் ஒருநாளும் தண்டலாக இருந்ததில்லை. தண்டல்களிடம் வசவு வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

தொண்ணூற்றெட்டில் ஜெசிந்தாவுக்கு டெல்லியில் மத்திய அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஆல்பர்ட் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ரயிலேறினார். கடலைப் பிரிகிறோமே என்று அவர் அழவில்லை. உள்ளுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தது. ஆனால் டெல்லிக்கு வந்த பிறகு அவர் வெறும் "ஜெசிந்தா சிஸ்டர் வீட்டுக்காரர்" ஆகிப்போனார். குடியிருப்பின் பம்ப் ஹவுஸில் ஒப்பந்த வேலை. காலை நாலரைக்கும் மாலை நாலரைக்கும் மோட்டாரைப் போட்டு மொட்டைமாடித் தொட்டிகளை நிரப்ப வேண்டும். மகள் ப்ரீதா படித்து முடித்து பெங்களூருக்குப் போய்விட்டாள். இருபத்தெட்டு வருஷமாக அவரை யாரும் எதற்கும் தேடி வந்ததில்லை. அவராகத் தேடிப் போய் அனுபவித்த இன்பம் ஒன்றுதான். அதன் பெயர் தென்கடல் விழா.

தலைநகர் முத்துநகர் மன்றம் என்று ஒரு சங்கம். தூத்துக்குடியிலிருந்து வந்து டெல்லியில் ஆபீஸர்களாகி ஓய்வு பெற்றவர்கள் கூடிச் சொந்த ஊரின் கடல் மரபைக் கொண்டாட வருஷத்துக்கு ஒருநாள் விழா எடுப்பார்கள். தலைவர் ஜோதிலிங்கம், ஏதோ ஓர் அமைச்சகத்தில் துணைச் செயலாளராக இருந்தவர். கடலில் அவர் இறங்கிய ஆழம் கணுக்கால் என்பது ஆல்பர்ட்டின் கணக்கு. அதுவும் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு. அந்தக் கணுக்கால் மனிதர் மைக்கைப் பிடித்தால் ரோமாபுரிக்குக் குறைந்து எங்கும் கரையிறங்க மாட்டார். மேடையில் தெர்மகோல் கலங்கரை விளக்கம் நிற்கும். பஞ்சில் அலை செய்திருப்பார்கள். ஒரு வருஷம் பாம்பன் பாலத்தையே அட்டையில் கட்டி நடுவில் ரயில் ஓடவிட்டார்கள், அது பாதியில் நின்றது. இன்னொரு வருஷம் மீன்வலையைச் சேலை மாதிரி சுற்றிக்கொண்டு பெண்கள் பூனைநடை நடந்தார்கள். கடைசியில் மீன்சாப்பாடு. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய, பத்து நாள் ஐஸில் கிடந்த வஞ்சிரம்.

ஆல்பர்ட் பன்னிரண்டு வருஷமாக ஒரு விழாவைக்கூட விட்டதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் யார் சிக்குகிறார்களோ அவர் காதில் எல்லாவற்றையும் கிழித்து எறிவார். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் அதையே மென்றுகொண்டிருப்பார்.

"இவ்வளவு நாறுதுன்னா ஏன் போறிய?" என்று ஜெசிந்தா கேட்பாள்.

"யாராவது ஒருத்தன் பாக்கணும்லா, இவனுவ என்ன கூத்தடிக்கானுவன்னு" என்பார்.

இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் ஜோதிலிங்கமே வீடு தேடி வந்தார். கூடவே ஸ்ரீவத்ஸன் என்ற கண்ணாடி போட்ட இளைஞன். குர்கானில் விழா நடத்திக் கொடுக்கும் கம்பெனி வைத்திருக்கிறவன், டெல்லியில் பிறந்து வளர்ந்தவன். தமிழைச் சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோலத் தொட்டுத் தொட்டுப் பேசினான்.

"மிஸ்டர் ஆல்பர்ட், நீங்க தோணியில இருந்தவர்னு சர்ச்ல சொன்னாங்க. இத்தனை வருஷம் நம்ம விழாவுக்கு வந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார் ஜோதிலிங்கம்.

"நீங்க கேக்கல."

"இந்தத் தடவை நிஜப் பாய்மரம் வைக்கறோம் அங்கிள்" என்றான் ஸ்ரீவத்ஸன். "முப்பது அடி அகலம். ட்ரோன் ஷாட் இருக்கு. நீங்க ஸ்டேஜ்ல வந்து ரோப்பை இழுக்கணும், பாய் அப்டியே மேல போகும். லாஸ்ட் தண்டல் ஆஃப் டூட்டிகோரின். செம எமோஷனா இருக்கும்."

"நான் தண்டல் இல்ல தம்பி. பண்டாரியா இருந்தேன், பெறவு பாய் கட்டுனேன். கடைசி ஆளும் இல்ல. இன்னைக்கும் அங்க எஞ்சின் வச்சு தோணி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆளுவ மாலத்தீவுக்குப் போய்ட்டு வந்துக்கிட்டுத்தான் இருக்காவ."

"அச்சா? ஆனா அங்கிள், லாஸ்ட்னு சொன்னாத்தான் ஜனங்க ஃபீல் பண்ணுவா. பாத்துக்கலாம்."

மறுநாள் வாட்ஸப்பில் அழைப்பிதழ் வந்தது. அலைகளுக்கு மேலே ஆல்பர்ட்டின் முகம், அடியில் "கடைசித் தண்டல்" என்று தங்க எழுத்து. ஆல்பர்ட் அதை ஜெசிந்தாவிடம் காட்டி ஒரு மூச்சுச் சிரித்தார். பொய் சொல்லக் கூச்சப்படாத பயல்கள் என்றார். ஆனால் போன் செய்து மாற்றச் சொல்லவில்லை. ப்ரீதாவுக்கு அனுப்பினார். பம்ப் ஹவுஸில் கூட வேலை பார்க்கும் மாதவுக்கும் காட்டினார்.

"அழிக்கச் சொல்லலியா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"கெடந்துட்டுப் போவுது. முட்டாப் பயலுவளுக்கு இது போதும்."

ஜெசிந்தா கொடியில் துணி எடுக்கப் போனாள். அவளுக்கு மனுஷனைத் தெரியும்.

விழா மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை, திறந்த மைதானத்தில். மே மாதத்து டெல்லியில் மொட்டை வெளியில் பந்தல் போடுகிறவனுடைய புத்தியை என்னவென்று சொல்வது? அரங்கம் கிடைக்கவில்லை என்றார்கள். பெரிய அதிகாரி ஒருவருக்கு அன்றைக்குத்தான் நேரம் ஒழிந்தது என்றும் சொன்னார்கள்.

காலையிலேயே ஆல்பர்ட் போய்விட்டார். மேடைக்குப் பின்னால் இரும்புச் சட்டங்களை அடுக்கி இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சாரம் எழுப்பியிருந்தார்கள். பாய் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டெண்ட் ஹவுஸ் தையல்காரன் வெள்ளைத் துணியில் அடித்துக் கொடுத்தது. ஆல்பர்ட் அதைப் புரட்டிப் பார்த்து, இதில் மாவு சலிக்கலாம் என்றார். ஆனாலும் கயிறு கைக்கு வந்ததும் அவருடைய விரல்கள் அவரைக் கேட்காமலே வேலை செய்தன. மேல் கழியில் பத்து இடத்தில் முடிச்சுப் போட்டார். ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. கீழ் ஓரத்தைத் தளர்வாக விட்டார்.

மத்தியானம் ஸ்ரீவத்ஸன் வந்து பார்த்தான். "அங்கிள், ரிங்கிள்ஸ் தெரியறதே. கேமராவுல லுங்கி மாதிரி இருக்கு."

"பாய் தொங்கத்தான் செய்யும். காத்து வந்தா தானா நெறையும். இறுக்கிக் கட்டுனா சாரத்தையே தூக்கிட்டுப் போயிரும். தெரியுதா?"

"அங்கிள், இது ஷிப் இல்ல, செட். ரோப்பை நீங்க சும்மா இழுக்கற மாதிரி பண்ணா போதும்" என்று சிரித்துவிட்டு அவன் திரும்பினான். "பையா, சாரோ தரஃப் சே டைட் கரோ. ஜல்தி!"

வேலையாட்கள் ஏறி நாலு ஓரமும் பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு, இஸ்திரி போட்டதுபோல இறுக்கினார்கள். ஆல்பர்ட் கட்டிய முடிச்சுகளை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டி மூலையில் எறிந்தார்கள். ஆல்பர்ட் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷமாகத் தான் சொல்லிவந்தது சரிதான் என்கிற ஒருவிதத் திருப்திதான் வந்தது.

சாப்பாட்டுக் கூடாரத்தின் நிழலில் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மீனவப் பெண்கள் நடனத்துக்குக் கூட்டிவந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பச்சைச் சேலை, ஆளுக்கொரு கூடை, ஆளுக்கொரு அட்டைத் துடுப்பு. ஜங்புராவில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்து மதராசி கேம்பில் இருந்து, குடிசைகளை இடித்தபிறகு டெல்லியின் வடகோடி நரேலாவுக்குப் போனவர்கள். அவர்களில் ராஜம் என்பவள் ஆல்பர்ட்டைக் கூப்பிட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள்.

"ஏண்ணா, நீங்கதான தண்டலு? கடல்ல போற பொம்பளைங்க இப்டித்தான் சேல கட்டுவாங்களா?"

"கடல்ல பொம்பளைய போறதில்ல. கரையில நின்னு மீன் விப்பாவ."

"அப்ப நாங்க எதுக்குத் துடுப்ப வச்சிகினு ஆடறோம்?"

"அத அந்தக் கண்ணாடிக்காரன்ட்ட கேளு." ஆல்பர்ட் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சி பக்கம். கடல நான் பாத்ததே இல்லண்ணா. டெல்லிக்கு வரச்சே மெட்ராஸ் ஸ்டேசன்லியே குந்திட்டோம். சத்தம் போடுமாமே?"

"போடும்."

"எங்க நாலா மாதிரி? மழ பேஞ்சா அது இன்னா சத்தம் போடும் தெரியுமா!"

ஆல்பர்ட் மூக்கால் சிரித்தார். "நல்லா வச்சானுவ விழா. கடலப் பாக்காதவ மீன்காரி. நாலாவும் கடலும் ஒண்ணாம். சாக்கட மாதிரி நாறாது, போதுமா?"

ராஜம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். "அந்த நாத்தத்துலதாண்ணா மூணு புள்ள பெத்து வளத்தேன். ஒங்களுக்கு எல்லாமே எளப்பமா?"

அவர் வேறு பக்கம் திரும்பி நடந்துவிட்டார்.

நாள் முழுக்க மேற்கிலிருந்து அனல்காற்று அடித்தது. ஐந்தரை மணிக்கு அது திடீரென்று நின்றது. கொடித்துணிகள் செத்ததுபோலத் தொங்கின. மரத்தில் காக்கைகள் ஓய்ந்தன. வடமேற்கில் மரங்களுக்கு மேலே, அழுக்குத் துணியைப் பிழிந்து வைத்ததுபோலப் பழுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. இதைக் கண்டுகொள்ளத் தோணியில் போயிருக்க வேண்டியதில்லை. டெல்லியில் இரண்டு கோடை கழித்தவனுக்கே ஆந்தி வரப்போவது தெரியும். போதாததற்கு எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் கூவி, புழுதிப்புயல் எச்சரிக்கையைக் காட்டியது. எல்லாரும் ஒரே நேரத்தில் அதை விரலால் தள்ளிவிட்டார்கள்.

ஆல்பர்ட் ஜோதிலிங்கத்திடம் போனார். அவர் பெரிய அதிகாரியின் வரவுக்காக வாசலில் மாலையோடு நின்றிருந்தார்.

"சார், ஆந்தி வருது. அரைமணிக்கூறுல வந்துரும். அந்தப் பாயை எறக்கச் சொல்லுங்க."

"மிஸ்டர் ஆல்பர்ட், சீஃப் கெஸ்ட் கார் பக்கத்துல வந்தாச்சு. இப்பப் போயி..."

"பாய் இறுக்கிக் கட்டியிருக்கு சார்."

"ஸ்ரீவத்ஸன்ட்ட சொல்லுங்க."

ஸ்ரீவத்ஸன் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு யாரையோ ஹிந்தியில் விரட்டிக்கொண்டிருந்தான். "அங்கிள், காத்து வந்தா இன்னும் சூப்பர். பாய் நிறைஞ்சு வரும். நீங்க போய் டர்பன் கட்டிக்கோங்கோ, ப்ளீஸ்."

இரண்டு பேரிடம் சொல்லியாகிவிட்டது. ஆல்பர்ட் தலைப்பாகை கட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடாரத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேடையும் வானமும் அங்கிருந்து ஒருசேரத் தெரிந்தன. உள்ளே ஒரு குளிர்ந்த சந்தோஷம் ஏறியது. வரட்டும். கடல் மரபாம்! காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கத் தெரியாத கூட்டத்துக்குக் கடல் மரபு. ஜோதிலிங்கத்தின் விக் பறக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். பட்டை விரிந்து விரிந்து வானத்தில் பாதியை விழுங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை யாரிடமும் சொல்லவில்லை. வேலையாட்களிடம் ஹிந்தியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களாவது நாலு டையை அறுத்திருப்பார்கள். அதையும் சொல்லவில்லை. இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பெரிய அதிகாரி வந்தார், விளக்கேற்றினார். விளக்கு அணைந்தது, மறுபடி ஏற்றினார். மீனவப் பெண்கள் நடனம் என்று அறிவித்தார்கள். ராஜமும் மற்ற பதினோரு பேரும் கூடையும் துடுப்புமாகப் போய்ப் பாயின் அடியில் வரிசையாக நின்றார்கள். பாட்டு ஆரம்பித்தது.

அப்போதுதான் ஆல்பர்ட்டுக்கு உறைத்தது. காற்று வருவது மேடையின் முதுகுப்பக்கம். சாரம் விழுந்தால் முன்னால்தான் விழும். ஜோதிலிங்கத்தின் மேலல்ல, ஸ்ரீவத்ஸனின் மேலல்ல. அந்தப் பெண்களின் மேல்.

நாற்காலி கவிழ எழுந்தார். சமையல்காரன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியை அவன் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு ஓடினார். "எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!" என்று கத்தினார். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து முன்வரிசையில் கைதட்டினார்கள்.

அவர் மேடைக்குப் பின்னால் போய்ச் சேரவும் முதல் வீச்சு வந்து மோதவும் சரியாக இருந்தது. உலகம் ஒரே புழுதியாகியது. பாய் ஒரு பெரிய வெடிச்சத்தத்தோடு புடைத்தது. சாரத்தின் இடதுகால் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியது. ஆல்பர்ட் கீழ் ஓரத்துக் கேபிள் டைகளை ஒவ்வொன்றாக அறுத்தார். பிறகு சட்டத்தில் கால் வைத்து ஏறினார். அறுபத்தொரு வயது முழங்கால் மடங்க மறுத்தது. கெட்ட வார்த்தை சொல்லி அதை மடக்கினார். வலது ஓரமும் அறுந்ததும் பாய் விடுபட்டு, பைத்தியம் பிடித்த வெள்ளைப் பிராணிபோல வானத்தில் படபடத்தது. சாரம் ஆடி, ஆடி, நின்றது. ஆனால் இடதுபக்கத்துக் கம்பம் ஒன்று மட்டும் மூட்டுக் கழன்று மேடையில் சாய்ந்தது.

பெண்கள் அதற்குள் சிதறி இறங்கிவிட்டார்கள். ராஜமும் இறங்கிவிட்டாள். ஆனால் மேடையோரம் கழற்றி வைத்திருந்த புதுச் செருப்பை எடுக்கத் திரும்ப ஏறினாள். கம்பம் அவளுடைய வலது தோளில் இறங்கியது.

கால்மணி நேரத்தில் காற்று ஓய்ந்து மழை தூறியது. தெர்மகோல் கலங்கரை விளக்கம் சாலையைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்தில் கிடந்தது. பெரிய அதிகாரி முதல் புழுதியிலேயே காரேறிவிட்டார். அவரோடு ஜோதிலிங்கமும் போய்விட்டார், மரியாதைக்காக. ஆல்பர்ட் ராஜத்தை ஒரு ஆட்டோவில் ஏற்றி, ஜெசிந்தா வேலை பார்க்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். மேல்கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உள்ளே தகடு வைக்க வேண்டும் என்றார்கள்.

மூன்றாம் நாள் அறுவை முடிந்து அவள் உட்காரும் நிலைக்கு வந்தபோது ஆல்பர்ட் கட்டில் பக்கத்தில் நின்றார். கையில் ஒரு பை ஆரஞ்சு.

"நீங்கதான் அறுத்து உட்டீங்களாம். செல்லுல காட்டுனாங்க. இல்லன்னா நாங்க அத்தினி பேரும் காலி" என்றாள் ராஜம்.

ஆல்பர்ட் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வாய் வேறு சொன்னது.

"எனக்கு முன்னாடியே தெரியும். காத்து வரும், சாரம் விழும்னு எல்லாம் தெரியும். ரெண்டு பேர்ட்ட சொன்னேன், கேக்கல. பெறவு சும்மா உக்காந்துட்டேன்."

"சும்மான்னா?"

"சும்மா. வேடிக்க பாத்துக்கிட்டு. அவனுவளுக்கு நல்லா வேணும்னு."

ராஜம் கட்டுப்போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்தாள். பிறகு கேட்டாள், "எவ்ளோ நேரம்?"

"இருவது நிமிசம்."

"எங்களாண்ட வந்து சொல்லியிருக்கலாமே. நாங்க கேட்டிருப்போமே. மழன்னா, இடிக்க வராங்கன்னா, சாமான எடுத்துகினு ஓடறதுதான எங்க பொழப்பே." அவள் குரல் உயரவில்லை. "கண்ணாடிக்காரனுக்குத் தெரில, அவன் வுட்டுட்டான். தெரிஞ்சிகினு குந்தியிருந்தது நீங்கதான். போங்கண்ணா. ஆரஞ்ச எடுத்துகினு போங்க."

அவர் ஆரஞ்சை அங்கேயே வைத்துவிட்டு வராண்டாவுக்கு வந்தார். ஜெசிந்தா ஊசித்தட்டோடு எதிரே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடந்து போனாள்.

இதற்குள் ஒரு வீடியோ ஊர் சுற்றியது. புழுதிக்குள் தலைப்பாகையும் கத்தியுமாக ஒரு கிழவர் சாரத்தில் தொங்குகிற காட்சி. மன்றத்தின் மலரை அச்சிடும் மதுமதி என்ற பெண் அதற்கு "புயலை வென்ற தண்டல்" என்று தலைப்புக் கொடுத்திருந்தாள். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். மன்றத்தில் கூட்டம் போட்டு அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். ஜோதிலிங்கம் பேசும்போது, ஆண்டவன் அருளால் எந்த அசம்பாவிதமும் இல்லாமல் விழா இனிதே நிறைவுற்றது என்றார்.

ஆல்பர்ட் எழுந்தார். "ஒரு பொம்பளைக்குக் கை போயிருக்கு. அது அசம்பாவிதம் இல்லியா? நான் தண்டலும் இல்ல. பண்டாரி. அன்னைக்கு எல்லாம் தெரிஞ்சும் இருவது நிமிசம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். எனக்குப் போயி சால்வ போடுதிய."

சபை மேடையைப் பார்த்தது. பிறகு ஜோதிலிங்கம் முகம் மலர்ந்தார். "பாருங்கள், கடலோடிகளின் தன்னடக்கம்!" கரவொலி கூரையைப் பிளந்தது. ஆல்பர்ட்டுக்குத் தன் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு கூட்டத்தைப் பார்த்துத் திட்டுவதற்குச் சொல் கிடைக்காமல் போயிற்று. சால்வையை நாற்காலியில் விட்டுவிட்டு வந்துவிட்டார்.

ராஜம் பார்த்துவந்த நாலு வீட்டில் மூன்று வீட்டுக்காரர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். ஜெசிந்தா தனக்குத் தெரிந்த ஒரு தனியார் கிளினிக்கில் சொல்லி, நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைத்து உட்காரவைக்கும் வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தாள். ஆல்பர்ட் அதில் தலையிடவில்லை. ராஜமும் அவரைப் பற்றி விசாரிக்கவில்லை. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

ஜூலை மாதத்தில் மன்றத்தின் பரிசளிப்பு விழா, ஒரு பள்ளி மைதானத்தில். ஆல்பர்ட்டை யாரும் அழைக்கவில்லை. அன்றைக்கு மோட்டாரை மாதவிடம் ஒப்படைத்துவிட்டு அவர் போய், கம்பு நடும்போதே பக்கத்தில் நின்றுகொண்டார். இந்தக் கம்பை ஆழமாகப் போடு, அந்தத் துணியைத் தளர்த்து, இந்தக் கயிறு உன் அப்பன் கட்டினதா என்று ஹிந்தியிலும் தமிழிலும் எல்லாருடைய உயிரையும் வாங்கினார். நாலு மணிக்கு மேகம் கறுத்தது. அவர் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தார்.

"காத்து வருது. புள்ளையள எல்லாம் உள்ள கூட்டிட்டுப் போங்க. துணிய எறக்குங்க."

"மிஸ்டர் ஆல்பர்ட், நிகழ்ச்சி ஆரம்பிக்கணும்..." என்றார் ஜோதிலிங்கம்.

"நீரு கெடயும் ஓய். ஏ, உத்தாரோ! சப் உத்தாரோ!"

வேலையாட்கள் அவருடைய குரலுக்குப் பயந்து பந்தல் துணியை இறக்கினார்கள். முந்நூறு பேர் பள்ளி வராண்டாவில் இடித்துப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். குழந்தைகள் அழுதன. மேகம் மெல்ல நகர்ந்து யமுனைப் பக்கம் போனது. ஒரு இலைகூட அசையவில்லை. சுள்ளென்று வெயில் அடித்தது.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு வராண்டா முழுக்கச் சிரித்தது. "எங்கே மிஸ்டர் ஆல்பர்ட், உங்க காத்து?" என்று ஜோதிலிங்கம் மைக்கிலேயே கேட்டார். "பண்டாரிக்குச் சோறு பொங்கத்தான் தெரியும்போல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வேலையாட்கள் முணுமுணுத்துக்கொண்டே துணியை மறுபடி ஏற்றத் தொடங்கினார்கள்.

ஆல்பர்ட்டின் காது சிவந்தது. நாக்கின் நுனிவரை ஒரு வசவு வந்தது. அதை விழுங்கிவிட்டு, மைதானத்தின் நடுவே வெயிலில் போய் நின்று, துணியின் ஓரக்கயிற்றை எட்டிப் பிடித்தார்.

"அவ்வளவு இறுக்காத லே" என்றார், மேலே ஏறியவனைப் பார்த்து. "கொஞ்சம் விடு. இன்னும் கொஞ்சம்."